மறுப்புக்குக் காரணம் எழுதுங்கள்: திருகோணமலை மாவட்டப் பிரதேச செயலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிரதேச செயலாளர்களுக்கும், சமூக சேவை உத்தியோகத்தர்களுக்கும், நலன்புரி நன்மைகள் தகவல் பிரிவில் கடமையாற்றுவோருக்கும்,

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவர்களின் கையில் இருக்கும் கடிதங்களைப் பற்றி இதை எழுதுகிறோம். கடிதம் என்று ஒன்று வந்திருந்தால் அதில் இருப்பது பெரும்பாலும் ஒரு வரிதான்: “தாங்கள் இக்கொடுப்பனவுக்குத் தகைமை பெறவில்லை.” பலருக்கு அந்த ஒரு வரியும் இல்லை. ஜீஎஸ் (கிராம உத்தியோகத்தர்) வாயால் சொன்னதுதான் பதில்; அல்லது சுவரில் ஒட்டிய பட்டியலில் பெயர் இல்லாததுதான் பதில்.

கொடுப்பனவுத் தொகை போதுமா, அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமா என்பவை கொழும்பில் பேச வேண்டிய சங்கதிகள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தியதையும் அங்கேதான் தீர்மானித்தார்கள். நாங்கள் கேட்பது உங்கள் மேசையிலேயே முடியக்கூடிய ஒன்று. ஒருவருக்கு மறுத்தால், எந்த நிபந்தனையில் அவர் தவறினார், எந்தச் சான்றை வைத்து அப்படித் தீர்மானித்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

இதற்குப் புதிதாகச் சட்டம் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 35 ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது: பகிரங்க அதிகாரசபை ஒன்றின் அலுவலர் ஒருவரைப் பாதிக்கும் தீர்மானம் எதை எடுத்தாலும், பாதிக்கப்பட்டவர் கேட்டால், அதற்கான காரணங்களை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை ஊழலைக் கிளப்ப வரும் பத்திரிகைக்காரரின் ஆயுதமாக மட்டும் பார்க்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. 35 ஆம் பிரிவு அப்படிப்பட்டதல்ல. அது வெருகலிலிருந்து ஊன்றுகோலோடு பஸ் ஏறி வருகிறவருக்கானது. ‘கேட்டால்’ என்ற நிபந்தனை அதில் இருக்கிறது என்பதை அறிவோம். கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் காரணம் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் கேட்கத் தெரியாதவர்கள்தான் இந்தப் பட்டியலில் அதிகம்.

தகைமை இல்லை என்ற அந்த ஒரு வரிக்குள் உண்மையில் ஆறு வேறு வேறு சங்கதிகள் கிடக்கின்றன. வைத்திய அறிக்கையில் இயலாமை போதிய அளவு காட்டப்படாமல் இருக்கலாம். குடும்பத்தின் வருமானமோ சொத்தோ வரம்பைத் தாண்டியிருக்கலாம். தகைமை இருந்தும் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் இடம் இல்லாமல் போயிருக்கலாம். அடையாள அட்டை இலக்கமும் விண்ணப்பமும் பொருந்தாமல் இருக்கலாம். கள விசாரணைக்கு வந்த நாளில் வீட்டில் ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். அந்த ஆளுக்கு ஏற்கெனவே வேறொரு அரச கொடுப்பனவு போய்க்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. முதலாவதற்குப் புதிய வைத்திய அறிக்கை வேண்டும். இரண்டாவதற்கு மின் பட்டியலும் வாகனப் பதிவுப் புத்தகமும் வேண்டும். மூன்றாவதற்கு விண்ணப்பதாரர் செய்ய ஒன்றுமே இல்லை, வரிசையில் எத்தனையாவது என்று தெரிந்தால் போதும். நான்காவது ஒரு போட்டோக்கொப்பியில் தீர்ந்துவிடும்.

காரணம் தெரியாதபோது என்ன நடக்கிறது? இடம் இல்லாமல் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர், தன் நோயை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு வைத்திய அறிக்கைக்கு நிற்கிறார். அடையாள அட்டை இலக்கம் பிழைத்தவர், ஜீஎஸ்ஸிடம் வறுமைச் சான்றிதழ் கேட்கிறார். வைத்திய அறிக்கை போதாதவர், யாரோ ஆட்சேபனை எழுதிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டோடு பேச்சை நிறுத்துகிறார். என்ன நோய் என்று சொல்லாமல் பார்மசிக்கு அனுப்பிவைப்பது போன்ற வேலை இது. கடைசியில் அத்தனை கடதாசியும் திரும்பி உங்கள் மேசைக்கே வருகிறது. மேன்முறையீடாக ஒரு தடவை, கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, எழுதிய முறைப்பாட்டின் பிரதியாக ஒரு தடவை, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் விளக்கம் கோரும் கடிதமாக ஒரு தடவை.

அதிகம் பிழைப்பது வைத்திய அறிக்கையில்தான். ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அரச வைத்தியர் எழுதும் ஒரு வழக்கமான வரி: “வலது பக்கப் பாரிசவாதம். ஊன்றுகோலுடன் நடக்கிறார்.” வைத்தியர் பொய் எழுதவில்லை. கோவையைப் பார்ப்பவர் அந்த வரியிலிருந்து எடுத்துக்கொள்வதோ ‘நடக்கிறார்’ என்பதை மட்டும். எவ்வளவு தூரம் நடக்கிறார்? படலை வரைக்குமா, பஸ் தரிப்பிடம் வரைக்குமா? குந்தி எழும்ப முடியுமா? கிணற்றில் வாளி இழுக்க முடியுமா? வலது கைதான் விழுந்தது என்றால் சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பது யார்? சேட்டுப் பொத்தானைப் போட்டுவிடுவது யார்? இவற்றில் ஒன்றும் அறிக்கையில் இல்லை. காரணம் வைத்தியரின் அலட்சியம் அல்ல. படிவம் அவரிடம் நோயின் பெயரைக் கேட்கிறது, அவர் நோயின் பெயரை எழுதுகிறார். நீங்கள் தீர்மானிக்க வேண்டியதோ இயலாமையின் அளவை.

அளவைக் கேட்கும் முறை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2012 குடிசன மதிப்பீட்டில் வீடு வீடாகக் கேட்ட ஆறு கேள்விகள் இருக்கின்றன: பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படியேறுவது, ஞாபகம் வைத்திருப்பது அல்லது கவனம் செலுத்துவது, தன்னைத் தானே பராமரிப்பது, பிறரோடு தொடர்பாடுவது. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்: சிரமம் இல்லை, ஓரளவு சிரமம், அதிக சிரமம், முற்றாக முடியாது. ஆறு கேள்வி, நான்கு விடை, அரைப் பக்கம். இதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து, வைத்திய அறிக்கைப் படிவத்தோடு பின் அடித்துக் கொடுத்தால், குடும்பத்தார் வீட்டிலேயே நிரப்பி வருவார்கள், வைத்தியர் பரிசோதித்து ஒப்பமிடுவார். மறுக்க நேர்ந்தாலும் எந்தக் கேள்வியில் எந்த விடையை வைத்து மறுத்தீர்கள் என்று சுட்டிக்காட்ட உங்களுக்கு ஓர் இடம் இருக்கும்.

எங்கெங்கே தவறான வாசிப்பு நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ‘கால் துண்டிக்கப்பட்டது, செயற்கைக் கால் உண்டு’ என்ற குறிப்பைப் பார்த்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்வது ஒன்று. முழங்காலுக்குக் கீழே துண்டித்ததும் மேலே துண்டித்ததும் நடையில் ஒன்றல்ல. மேலே போகப் போக ஒவ்வொரு அடிக்கும் உடம்பு செலவழிக்கும் சக்தி கூடும். சித்திரை வைகாசி வெயிலில் வியர்த்து, சொக்கட்டுக்குள் தோல் உரிந்து புண்ணானால், அந்த நாட்களில் செயற்கைக் கால் வீட்டு மூலையில் சாத்தித்தான் இருக்கும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துக் கடற்கரை மணலில் அதோடு நடப்பது எப்படி என்று அறிக்கை சொல்லாது. கள விசாரணைக்குப் போகிறவர் கேட்டால் மட்டுமே தெரியவரும்.

கண்ணுக்கு ‘6/60’ (மற்றவர் 60 மீற்றரில் காண்பதை இவர் 6 மீற்றரில்தான் காண்கிறார்) என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். எந்தக் கண்? கண்ணாடி போட்டா, போடாமலா? மற்றக் கண் எப்படி? உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் பார்வையின்மை என்பது நல்ல கண்ணில் 3/60 க்கும் குறைவு. ஆகவே இந்த மூன்று கேள்விக்கும் விடை இல்லாத அறிக்கையை வைத்து ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. திருப்பி அனுப்பித்தான் கேட்க வேண்டும். அறிக்கை முழுமையில்லை என்பதற்காக ஆளை மறுப்பது, வைத்தியரின் பேனாவுக்கு நோயாளியைத் தண்டிப்பதாகும்.

வலிப்பும் மனநோயும் கண்ணுக்குத் தெரியாதவை. கிளினிக் கொப்பியில் ‘நிலைமை சீராக உள்ளது, அதே மருந்தைத் தொடரவும்’ என்று இருப்பது, மருந்தை மாற்றத் தேவையில்லை என்று வைத்தியர் தனக்கே எழுதிக்கொண்ட குறிப்பு. வேலை செய்ய முடியும் என்று யாரும் அதில் எழுதவில்லை. வலிப்பு உள்ளவரிடம் கேட்க வேண்டியவை வேறு: மாதத்தில் எத்தனை தடவை, விழுந்து அடிபட்டதுண்டா, அடுப்படியிலும் கிணற்றடியிலும் தனியே விடலாமா, வந்து போனபின் தெளிய எவ்வளவு நேரம். பிரதேச செயலகத்துக்கு வந்த நாளில் நன்றாகப் பேசினார் என்று கோவையில் எழுதினால், அது ஒரு நல்ல நாளின் பத்து நிமிடத்தைப் பற்றிய குறிப்பாகத்தான் இருக்கும். அதையே காரணமாக வைத்து மறுக்கிறீர்கள் என்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள், பதில் சொல்ல வழி இருக்கும்.

பாதிக்கப்பட்டவர் பிள்ளை என்றால் அதே வயதுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டும். மூன்று வயதில் தானாகக் குளிக்காததில் செய்தி ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயதில் அது பெரிய செய்தி.

அடுத்தது குடும்பக் கணக்கு. 2023 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் வந்தபின் பெரும்பாலான குழப்பம் இங்கேதான். அஸ்வெசும ஒரு குடும்பத்தை அளக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்பத்தின் குடித்தொகை நிலை என்று ஆறு தலைப்புகளின் கீழ் 22 சுட்டிகள். வீட்டில் நாட்பட்ட நோயாளி இருப்பதும் மாற்றுத்திறனாளி இருப்பதும் அந்த 22 இல் வெறும் இரண்டு. மீதி இருபதும் படிப்பு, ஓடு, சீமெந்துத் தரை, மின் அலகு, காணி போன்றவற்றைப் பற்றிக் கேட்பவை. ஆகவே படுக்கையில் கிடக்கும் ஒருவர் இருக்கும் வீடும் புள்ளியில் வெளியே போகலாம். அது நடக்கும்போது அவர் கேள்விப்படுவது ‘உங்களுக்கு இயலாமை இல்லை’ என்று. உண்மையில் அவருடைய இயலாமையை யாரும் மறுக்கவேயில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கடிதத்தில் எழுதினாலே பாதி மனவருத்தம் குறையும்.

குடும்பக் கணக்கு பிழைக்கும் இடங்கள் நமது மாவட்டத்துக்கென்றே சில உண்டு. ஒரே வளவுக்குள் அண்ணன் வீடு, தங்கை வீடு, மீட்டர் ஒன்றுதான். இரண்டு வீட்டு அலகும் ஒரு வீட்டுக் கணக்கில் ஏறி, ஆளுக்கான மின்பாவனை இரட்டிப்பாகத் தெரியும். கடற்கரைக் கிராமங்களில் முதலாளியின் போட்டும் இன்ஜினும் தொழிலாளியின் வீட்டு முற்றத்தில் நிற்கும். விவரம் கேட்காமல் டப்லெட்டில் தட்டினால் அது அந்த வீட்டின் சொத்து. மகன் லீசிங்கில் எடுத்த மோட்டார்சைக்கிளுக்கு மாதத் தவணை போய்க்கொண்டிருக்கும், சொத்துப் பத்தியில் அது முழு வாகனம். நடக்க முடியாதவர் பக்கச் சில்லுப் பூட்டி ஓடும் ஸ்கூட்டியையும் அதே பத்தியில் போட்டால், அவர் இயலாமைக்காகச் செய்த செலவே அவருக்கு எதிராக எழுதப்பட்டதாகிவிடும். கலியாணம் முடித்துத் தனிக் குடும்பமாகப் போன பிள்ளையின் சம்பளத்தைத் தகப்பனின் வருமானத்தோடு கூட்டுவதும் உண்டு.

இவற்றைக் கண்டுபிடிக்க வீட்டாருக்கு வேண்டியது ஒரு தாள்தான். அவர்களுடைய வீட்டுக்கு 22 சுட்டிகளிலும் என்ன விடை பதியப்பட்டது என்ற அச்சுப் பிரதி. தகவல் கணினியில் இருக்கிறது. அதை எடுத்துக் கையில் கொடுத்தால், ‘எங்களிடம் போட் இல்லை’ என்று அந்த வரிக்கு நேரே கைவைத்துச் சொல்வார்கள். நீங்களும் அந்த ஒரு வரியை மட்டும் விசாரித்தால் போதும். இப்போது வருகிற மேன்முறையீடுகளோ ‘நாங்கள் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம்’ என்று தொடங்கி அப்படியே முடிகின்றன. அதைத் தவிர வேறு எதை எழுதுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே.

ஒதுக்கீட்டைப் பற்றிச் சுருக்கமாக. 2012 கணக்கெடுப்பில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதம், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஓரளவு சிரமம் முதல் முற்றாக முடியாமை வரை ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். 2023 இல் அஸ்வெசும தொடங்கியபோது மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவுக்கு நாடு முழுவதற்கும் கணக்கிட்ட எண்ணிக்கை 72,000. எல்லோருக்கும் கிடைக்காது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். தகைமை உண்டு, இடம் இல்லை என்றால் அப்படியே எழுதுங்கள். இந்தப் பிரதேச செயலகப் பிரிவின் காத்திருப்புப் பட்டியலில் எத்தனையாவது என்றும் எழுதுங்கள். வரிசை எண்ணைச் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் எங்களுக்கும் தெரியும்: எண் வெளியே தெரிந்தால் நடுவில் ஒருவரைச் செருக முடியாது.

அடையாள அட்டைச் சிக்கல்கள் சின்னவை, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் 12 இலக்கம். விண்ணப்பத்தில் பழையது, வங்கிக் கணக்கில் புதியது என்றால் கணினிக்கு இருவரும் வேறு ஆட்கள். தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாக வருவதும், தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் விடுபட்டிருப்பதும் அதே கதைதான். இவற்றை மறுப்பு என்று அழைக்கவே கூடாது. ‘பதிவு பொருந்தவில்லை, இன்ன பத்திரத்தின் பிரதியைக் கொண்டுவரவும்’ என்பதே போதும். கள விசாரணைக்கு வந்தபோது ஆள் இல்லை என்பதற்கும் இதே நியாயம் பொருந்தும். டயாலிசிஸ்க்குப் போகிறவரும் கிளினிக்குக்குப் போகிறவரும்தான் பகலில் வீட்டில் இருக்க மாட்டார்கள். முதல் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துவிட்டுப் போனால் இந்தக் காரணமே எழாது.

சிறுநீரக நோயாளர் கொடுப்பனவு தனி, அதன் படிவமும் தனி. பதவிசிறிபுரப் பக்கம் போன்ற இடங்களில் ஒரே ஆளுக்குச் சிறுநீரக நோயும் வேறு இயலாமையும் சேர்ந்திருப்பதுண்டு. எதற்கு விண்ணப்பித்தார், எதற்கு மறுத்தீர்கள், மற்றதற்குப் போடலாமா என்று ஒரு வரியாவது எழுதாவிட்டால் அவர் இரண்டும் போய்விட்டது என்றே வீட்டுக்குப் போவார்.

இனி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் கோரிக்கைகள். மறுக்கப்பட்டவர்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுப்பது எப்போதும் இந்த ஐந்தைக் கேட்டுத்தான்: விண்ணப்பப் படிவத்தின் பிரதி, வைத்திய அறிக்கையின் பிரதி, சமூக சேவை உத்தியோகத்தரின் கள அறிக்கை, தெரிவுப் பட்டியலில் அவருடைய இடம், தீர்மானத்துக்கு ஆதாரமான சுற்றறிக்கையின் இலக்கமும் பந்தியும். அதோடு 35 ஆம் பிரிவின் கீழ் எழுத்திலான காரணம். விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏன் கேட்கிறீர்கள் என்று விண்ணப்பதாரரிடம் கேட்க முடியாது. எழுத முடியாதவர் வாயால் கேட்டால் தகவல் அலுவலரே அதை எழுத்தில் பதிய வேண்டும். கை நடுங்குபவருக்கும் பார்வை இல்லாதவருக்கும் ‘எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லி அனுப்புவது சட்டத்துக்கு மாறு.

ஒரு தவறான புரிதலை மட்டும் இங்கே நேராக்க வேண்டும். ‘வைத்திய அறிக்கை இரகசியம், தர முடியாது’ என்ற பதில் அடிக்கடி வருகிறது. சட்டத்தின் 5 ஆம் பிரிவு ஒருவரின் மருத்துவப் பதிவுகளைப் பாதுகாப்பது உண்மைதான். அவர் எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. தன்னுடைய அறிக்கையைத் தானே கேட்பவரிடம் ஒரு வரிச் சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு பிரதியைக் கொடுக்கலாம். பாதுகாப்பு அவருக்காக வைக்கப்பட்டது. அவரையே வெளியில் நிறுத்துவதற்கு அல்ல.

இவ்வளவும் கேட்கிறோமே, நீண்ட கடிதம் எழுத ஆளணி எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஒரு சமூக சேவை உத்தியோகத்தர் எத்தனை கிராம உத்தியோகத்தர் பிரிவுகளுக்கு ஓட வேண்டியிருக்கிறது என்பதை நாங்கள் பார்க்கிறோம். அதனால்தான் நீண்ட கடிதம் கேட்கவில்லை. கீழே உள்ள அளவு போதும்:

“தங்களது 12.03 ஆம் திகதிய விண்ணப்பம் தொடர்பானது. தங்களுக்கு இயலாமை உள்ளது என்பதை ஏற்றுக்கொள்கிறோம். கொடுப்பனவு மறுக்கப்பட்டது குடும்பச் சொத்து நிபந்தனையின் கீழ். பதிவில் உள்ளபடி தங்கள் குடும்பத்திடம் ஒரு மீன்பிடிப் படகும் ஒரு மோட்டார்சைக்கிளும் உள்ளன. இதற்கான சான்று: கணக்கெடுப்பாளரின் பதிவு. வைத்திய அறிக்கையில் குறை எதுவும் இல்லை. புதிய அறிக்கை தேவையில்லை. படகு தங்களுடையது அல்ல என்றால், பதிவின் உரிமையாளர் யார் என்பதைக் காட்டும் பத்திரத்தின் பிரதியுடன் 30.06 ஆம் திகதிக்கு முன் மேன்முறையீடு செய்யலாம். தங்களால் வர இயலாவிட்டால் வேறொருவரிடம் அதிகாரக் கடிதம் கொடுத்தனுப்பலாம்.”

ஒன்பது வசனம். அதில் திகதி, இலக்கம், பத்திரத்தின் பெயர் தவிர மற்றவை எல்லாம் ஆறு காரணத்துக்கும் ஆறு மாதிரிகளாக முன்கூட்டியே அடித்து வைக்கக்கூடியவை. எல்லாவற்றிலும் முக்கியமான வசனம் ‘வைத்திய அறிக்கையில் குறை எதுவும் இல்லை’ என்பது. எது பிரச்சினை இல்லை என்று சொல்வது, எது பிரச்சினை என்று சொல்வதற்குச் சமமான உதவி. அந்த ஒரு வசனம் இல்லாததால்தான் ஆட்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். கிண்ணியாவில் ‘பாதை’ என்ற மிதவைப் படகு ஓடிய காலம் போய் 2009 இல் பாலம் வந்துவிட்டது, பயணம் சுருங்கிவிட்டது என்பது சரி. ஆனால் ஈச்சிலம்பற்றிலிருந்து சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஆட்டோ பிடித்து மூதூர், கிண்ணியா தாண்டித் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வந்து திரும்புவதென்றால் கொடுப்பனவில் ஒரு நல்ல பங்கு அந்த ஒரு நாளிலேயே போய்விடும். இன்னும் கிடைக்காத கொடுப்பனவில்.

திகதி பற்றியும் சொல்ல வேண்டும். மேன்முறையீட்டுக் காலத்தைக் கடிதத்தில் அடித்த திகதியிலிருந்து எண்ணாதீர்கள். கடிதம் ஒப்பமாகி, அனுப்பும் பிரிவில் கிடந்து, தபாலில் போய், ஜீஎஸ் கையால் வீட்டுக்குச் சேரும்போது பாதி நாள் போயிருக்கும். கையில் கிடைத்த திகதிக்கு ஓர் ஒப்பம் வாங்கி, அதிலிருந்து எண்ணினால் பிணக்கு இல்லை. ‘14 நாட்களுக்குள்’ என்று எழுதுவதைவிடக் கடைசித் திகதியையே எழுதிவிடுங்கள்.

பட்டியலைச் சுவரில் ஒட்டுவது பார்வை இல்லாதவருக்கு அறிவித்தலே அல்ல. சக்கர நாற்காலியில் வருகிறவரின் கண்மட்டத்துக்கு மேலே ஒட்டினால் அவருக்கும் அல்ல. கட்டடங்களில் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இலேயே வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. அவற்றை ஒரு பக்கம் வைத்தாலும், விண்ணப்பப் படிவத்தில் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பார்வைக் குறைபாடு என்று விண்ணப்பித்தவருக்கு முடிவைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டலாம். காது கேளாதவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். கிழக்கு மாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்கிறது. சேருவிலவிலும் கோமரங்கடவலவிலும் சிங்களத்தில் விண்ணப்பித்தவருக்குச் சிங்களத்திலேயே போக வேண்டும் என்பதும் அதே அளவு சரி. விண்ணப்பம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் பதில்.

இறுதியாக, ஏற்கெனவே கொடுப்பனவு பெற்றுவந்து நின்றுபோனவர்கள். இவர்களுக்குக் கடிதம் போவது இன்னும் குறைவு. வங்கிக்குப் போய்ப் புத்தகத்தைப் போட்டுப் பார்த்து, காசு விழவில்லை என்றபோதுதான் தெரியவரும். மீள்பதிவு செய்யாததாலா, வீடு மாறிக் கிராம உத்தியோகத்தர் பிரிவு மாறியதாலா, கணக்கு செயலற்றுப் போனதாலா, இறந்தவர் பட்டியலில் தவறிப் பெயர் ஏறியதாலா என்று தெரியாமல் வங்கிக்கும் செயலகத்துக்கும் இடையில் அலைகிறார்கள். நிறுத்துவதற்கு முன் ஒரு மாத அறிவித்தல் கொடுங்கள். நிறுத்தும் காரணத்தையும், சரிசெய்தால் விடுபட்ட மாதங்களின் நிலுவை கிடைக்குமா என்பதையும் அதில் எழுதுங்கள். நிலுவை கிடைக்காது என்றால் அதையும், எந்தச் சுற்றறிக்கையின்படி என்பதையும் எழுதுங்கள்.

மேலே சொன்ன ஆறு மாதிரிக் கடிதங்களையும், அரைப் பக்க ஆறு கேள்விப் படிவத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் தட்டச்சுச் செய்து தர நாங்கள் தயார். திருத்தி, உங்கள் தலைப்புத் தாளில் அடித்துக்கொள்ளலாம். 11 பிரதேச செயலகங்களும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பதில்லை. அடுத்த தெரிவுப் பட்டியலை ஒட்டுவதற்கு முன், ஒரு பிரதேச செயலகம் முன்வந்து தொடங்கினாலும் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகளின் விண்ணப்பங்களையும் மேன்முறையீடுகளையும் எழுதிக் கொடுப்போர்

பிரதி: மாவட்டச் செயலாளர், திருகோணமலை, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம், நலன்புரி நன்மைகள் சபை